ஹேலும் ஏர்வாடியும்: வீட்டுச் சாவி யார் கையில்?

சென்னையில வாடகைக்கு வீடு தேடின எல்லாருக்கும் அந்த இன்டர்வியூ தெரியும். "பேச்சிலரா, ஃபேமிலியா? நான்-வெஜ் சமைப்பீங்களா? எங்க வேலை? சொந்த ஊர் எது?" அட்வான்ஸ் பணம் கையில ரெடியா இருந்தாலும் ஹவுஸ் ஓனர் மனசு வைக்கணும். அதே இன்டர்வியூவுக்கு ஒருத்தர் போய், "பதினஞ்சு வருஷம் மனநல மருத்துவமனையில இருந்தேன், இப்போ நல்லா இருக்கேன், தினமும் மாத்திரை சாப்பிடறேன்"னு சொன்னா என்ன ஆகும்? வீடு கிடைக்குமா?

இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியோட வரலாறுதான். மனநோயால மாற்றுத்திறனாளி ஆனவங்க எங்க வாழ்ந்தாங்க, யார் வீட்ல வாழ்ந்தாங்க, அந்த வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டுச்சா, வெளிப்பக்கம் பூட்டுச்சா? இதைச் சொல்ல ரெண்டு ஊர் வேணும். ஒண்ணு நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல இருக்கிற ஏர்வாடி. இன்னொண்ணு பெல்ஜியத்துல இருக்கிற ஒரு சின்ன ஊர். ஆங்கில எழுத்தைப் பார்த்தா 'கீல்'னு படிக்கத் தோணும். ஊர்க்காரங்க உச்சரிப்பு 'ஹேல்'ங்கிறதுக்குக் கிட்ட வரும். ரெண்டுமே புண்ணியத் தலங்கள். ரெண்டு ஊருக்கும் ஜனங்க ஒரே காரணத்துக்காக வந்தாங்க. முடிவு மட்டும் வேற வேற.

2001 ஆகஸ்ட் 6

ஏர்வாடி கீழக்கரைக்குப் பக்கத்துல இருக்கிற கடற்கரை ஊர். அங்க இருக்கிற தர்காவுக்கு முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர்னு வித்தியாசம் இல்லாம எல்லாரும் வருவாங்க. மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிட்டு வந்து அங்கேயே தங்க வைக்கிறது ரொம்ப காலமா இருக்கிற பழக்கம். கனவுல உத்தரவு வரும், அதுக்கப்புறம் வீட்டுக்குப் போகலாம்ங்கிறது நம்பிக்கை. அந்த உத்தரவு ஒரு வாரத்துலயும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. கூட வந்த அண்ணனோ அம்மாவோ எவ்வளவு நாள் தங்க முடியும்? ஊர்ல வேலை இருக்கு, மத்த பிள்ளைங்க இருக்காங்க. அந்த இடைவெளியிலதான் தர்காவைச் சுத்தி தனியார் 'இல்லங்கள்' முளைச்சுது. தர்கா நடத்தினது இல்லை, தனி ஆளுங்க நடத்தினது. குடும்பம் பணம் கட்டும், அவங்க பார்த்துக்குவாங்க. பார்த்துக்கிறதுன்னா பெரும்பாலும் ஓலைக் கொட்டகை, அதுக்குள்ள சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில அப்படி ஒரு கொட்டகையில தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்களை சங்கிலியில கட்டியிருந்ததால எழுந்து ஓட முடியலை. 28 பேர் இறந்துபோனாங்க. ஒரு வாரத்துக்குள்ள அரசு அங்க இருந்த இல்லங்கள் எல்லாத்தையும் மூடுச்சு. 500-க்கும் மேற்பட்டவங்களை அரசுப் பராமரிப்புக்கு மாத்தினாங்க. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கிட்டு, நாடு முழுக்க இந்த மாதிரி இடங்களைக் கணக்கெடுக்கச் சொல்லுச்சு.

நியூஸ் பார்த்தவங்க பெரும்பாலும் சொன்னது, "மூடநம்பிக்கைதான் காரணம்." அது பாதி பதில்தான். அன்னைக்கு தமிழ்நாடு முழுக்க அரசோட தனி மனநல மருத்துவமனைன்னா கீழ்ப்பாக்கம் ஒண்ணுதான். ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல. உரிமம் இல்லாம மனநல இல்லம் நடத்தக் கூடாதுன்னு 1987 சட்டம் சொல்லியிருந்தும் யாரும் வந்து பார்க்கலை. அந்தக் குடும்பங்கள் மருத்துவத்தை மட்டும் தேடி வரலை. 'என் பையனை யாராவது வச்சுப் பார்த்துக்கணும், நான் வேலைக்குப் போகணும்'ங்கிற தேவையோடயும் வந்தாங்க. அதாவது வீடும் துணையும் தேடி வந்தாங்க. கிடைச்சது கொட்டகை.

நம்பிக்கையைத் தேடிப் போற இடம் எல்லாமே இப்படித்தான் முடியும்னு இல்லை. தமிழ்நாட்டுலயே முத்துசாமி கோவில்னு ஒரு இடத்துல பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு பண்ணாங்க. 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வெளியாச்சு. கோவில்ல தங்கின 31 பேரை வந்தப்பவும் கிளம்பினப்பவும் மதிப்பிட்டுப் பார்த்தாங்க. நோய் அறிகுறிகளோட சராசரி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. பெரிய சடங்கு எதுவும் கிடையாது. கூட ஒரு சொந்தக்காரர் தங்கினார், கோவில்ல சின்னச் சின்ன வேலை செஞ்சாங்க, யாரும் விரட்டலை. 31 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை, அதனால மருந்து வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க. தங்குற இடமும் கூட இருக்கிற ஆளும் ஒருத்தரோட நிலையை மாத்தும்ங்கிறதை மட்டும் இதுலேர்ந்து எடுத்துக்குவோம். அந்த எண்ணத்தோட பெல்ஜியத்துக்குப் போவோம்.

ஒரு ஊரே வீடான கதை

ஹேலோட கதை ஒரு தொன்மத்துல ஆரம்பிக்குது. 7-ம் நூற்றாண்டுல அயர்லாந்து இளவரசி டிம்ப்னா. அம்மா இறந்ததும் புத்தி பேதலிச்ச அப்பா, மகளையே கல்யாணம் பண்ணிக்கணும்னு நிக்கிறார். அவள் கடல் தாண்டி ஹேலுக்குத் தப்பி வர்றாள். துரத்தி வந்த அப்பா அவளைக் கொன்னுடுறார். அதுக்கப்புறம் மனநோய் உள்ளவங்களுக்குக் காவல் புனிதை ஆகிட்டாள். அவள் பேர்ல தேவாலயம் வந்துச்சு, கூட்டம் வந்துச்சு. தேவாலயத்தை ஒட்டி ஒரு நோயாளி அறையும் கட்டினாங்க. ஒன்பது நாள் பிரார்த்தனை, அங்கேயே தங்கல். ஏர்வாடி மாதிரியே இருக்குல்ல?

சிக்கலும் அதேதான். கூட்டம் அதிகமாகி அறை பத்தலை. இங்கதான் ரெண்டு ஊரோட பாதையும் பிரியுது. ஹேல்ல தேவாலயக்காரங்க ஊர்க்காரங்ககிட்ட, "உங்க வீட்ல ஒருத்தரைத் தங்க வச்சுக்கங்க"ன்னு கேட்டாங்க. ஊர்க்காரங்க ஒத்துக்கிட்டாங்க. பிரார்த்தனை முடிஞ்சும் சிலர் ஊருக்குத் திரும்பலை. அந்தக் குடும்பத்தோடயே தங்கிட்டாங்க. அப்பா காலத்துல வந்தவரை மகன் காலத்துல மகன் பார்த்துக்கிட்டார். அவங்களுக்கு ஊர்ல 'நோயாளி'ன்னு பேர் இல்லை. நம்ம மொழியில சொன்னா, 'வீட்டோட சாப்பிட்டுத் தங்குறவர்.'

இதை ரொம்ப இனிப்பாக்கிடவும் கூடாது. ஹேல் விவசாய ஊர், வயல்ல ஆள் தேவைப்பட்டுச்சு. தங்க வச்சதுக்குக் காசும் கிடைச்சுது. அன்பு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. 1821-ல பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல் அங்க போய்ப் பார்த்தப்போ சிலருக்குக் கை கால்ல விலங்கு போட்டிருந்தாங்க. அதனால 'ஐரோப்பாக்காரங்க நல்லவங்க, நாம கெட்டவங்க'ங்கிற கதை இது இல்லை. சங்கிலி அங்கேயும் இருந்துச்சு.

1850-க்கு அப்புறம் பெல்ஜிய அரசு ஹேலைத் தன் மேற்பார்வைக்குக் கொண்டு வந்துச்சு. மருத்துவர்கள் வந்தாங்க. எந்த வீடு தகுதியானதுன்னு பார்த்து அனுமதி கொடுத்தாங்க. ஒரு வீட்ல ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேருங்கிற அளவு வந்துச்சு. ஊருக்குள்ளேயே சின்ன மருத்துவமனை கட்டினாங்க. யாருக்காவது நிலைமை மோசமானா அங்க கொஞ்ச நாள், சரியானதும் திரும்பத் தன்னோட வீட்டுக்கு. குடும்பங்களுக்கு உதவித்தொகையும் போச்சு. இந்த ஏற்பாட்டுல 1930-களோட கடைசியில ஹேல்ல 3,700-க்கும் மேற்பட்டவங்க ஊர்க்காரங்க வீடுகள்ல வாழ்ந்தாங்க. அப்போ ஊரோட மக்கள்தொகையே சுமார் 16,000 தான்.

இன்னைக்கும் அந்த ஏற்பாடு இருக்கு, ஆனா எண்ணிக்கை சில நூறாகக் குறைஞ்சிடுச்சு. விவசாயம் குறைஞ்சுது, வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, மருந்துகளும் மேம்பட்டுடுச்சு. சுவாரசியமான விஷயம் ஒண்ணு: தங்க வர்றவருக்கு என்ன நோய்னு அந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் சொல்றதில்லை. 'இவருக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது'ங்கிற அளவுக்குத் தெரிஞ்சா போதும்.

என்ன வித்தியாசம்?

நான் சாஃப்ட்வேர் ஆளு, எனக்கு இது ஆர்க்கிடெக்சர் பிரச்சினையாத்தான் தெரியுது. ஏர்வாடி கொட்டகையில எல்லாமே ஒரே ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இடம் அவரோடது. சோறு அவர் போடுறார். பணம் அவருக்குத்தான் வருது. உள்ள இருக்கிறவர் எப்போ வெளியே போகலாம்னு முடிவு பண்றதும் அவர்தான். ஒரே சர்வர்ல எல்லாம் ஓடுது, லாக் பார்க்க ஆளே இல்லை. அது விழுந்தா எல்லாரும் விழுவாங்க. விழுந்தாங்க.

ஹேல்ல அதையெல்லாம் பிரிச்சு வச்சாங்க. வீடு ஒருத்தர்கிட்ட, மருத்துவம் இன்னொருத்தர்கிட்ட, பணமும் மேற்பார்வையும் மூணாவது கையில. வீட்டுக்காரர் மோசமா நடத்தினா ஆளை வேற வீட்டுக்கு மாத்தலாம். நோய் முத்தினா மருத்துவமனைக்குப் போகலாம், ஆனா அதனால வீடு போயிடாது. இந்த எபிசோட்ல ஒரே ஒரு வரியை நீங்க ஞாபகம் வச்சுக்கணும்னா அது இதுதான்: வீடும் சிகிச்சையும் ஒரே பூட்டுல இருக்கக் கூடாது.

இது மருத்துவமனைக்கும் பொருந்தும். மருத்துவமனை கெட்ட இடம்னு சொல்ல வரலை. ஆனா அங்கேயும் படுக்கையும் மருந்தும் ஒண்ணாத்தான் வருது. மருந்து வேலை செஞ்சு ஆள் தேறினதும், 'படுக்கையை விட்டா எங்க போறது?'ங்கிற கேள்வி மிச்சம் இருக்கு.

சங்கிலியை அறுக்கிறது பாதி வேலை

அமெரிக்கா இதைப் பெரிய அளவுல தப்பாப் பண்ணுச்சு. 1955-ல அங்க மாநில மனநல மருத்துவமனைகள்ல சுமார் 5.58 லட்சம் பேர் இருந்தாங்க. 1994-ல அது சுமார் 72 ஆயிரமாகக் குறைஞ்சுது. புது மருந்துகள், உரிமைக் குரல், செலவுக் குறைப்புன்னு பல காரணம். 'வெளிய அனுப்புவோம், ஊருக்குள்ளேயே மையங்கள் வச்சுப் பார்த்துக்குவோம்'னு 1963-ல கென்னடி சட்டத்துல கையெழுத்துப் போட்டார். திட்டமிட்ட மையங்கள்ல பெரும்பகுதி வரவே இல்லை, வீடும் வரலை. நிறைய பேர் தெருவுக்கும் ஜெயிலுக்கும் போனாங்க.

நம்ம ஊர்ல நடந்தது வேற மாதிரி: உள்ள போனவங்க உள்ளேயே தங்கிட்டாங்க. மெட்ராஸ்ல 1794-ல ஆரம்பிச்ச மனநோயாளிகள் காப்பகம்தான் 1871-ல கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இன்னைக்கு மனநலக் கழகமா நிக்குது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சினிமாவுல எவ்வளவு காமெடி பார்த்திருப்போம்! அந்தக் காமெடிக்குள்ள ஒரு எண்ணம் ஒளிஞ்சிருக்கு: அங்க போனவர் திரும்ப நம்ம தெருவுக்கு வர மாட்டார்னு. சிகிச்சை முடிஞ்ச பிறகும் அந்த எண்ணம்தான் அவங்களை உள்ள வச்சிருக்கு.

எண்ணிக்கை சொல்றேன். நாடு முழுக்க 43 அரசு மனநல மருத்துவமனைகள்ல எடுத்த ஒரு கணக்கு 2019-ல வெளியாச்சு. அதுல 4,935 பேர் ஒரு வருஷத்துக்கும் மேலா உள்ளேயே இருந்தாங்க. அதாவது உள்ள இருந்தவங்கள்ல 36 சதவீதம். இந்தக் கூட்டத்துல பல பேரை அங்கேயே வச்சிருக்கிறது நோய் இல்லை. முகவரி இல்லாததுதான். குடும்பம் வேற ஊருக்குப் போயிருக்கும், இல்ல கூட்டிட்டுப் போக மறுக்கும். முகவரி இல்லாம ரேஷன் கார்டு கஷ்டம், வங்கிக் கணக்கு கஷ்டம். கணக்கு இல்லாம உதவித்தொகை வராது. உதவித்தொகை இல்லாம வாடகை கட்ட முடியாது. வாடகை இல்லாம முகவரி இல்லை. சர்க்குலர் டிபென்டன்சி. கோட்ல வந்தா ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணிடுவோம். இங்க அது மனுஷங்களோட பத்து இருபது வருஷத்தைத் தின்னுடுது.

அஞ்சு பேர், ஒரு வாடகை வீடு

இதுக்கு ஒரு பதில் சென்னையிலேர்ந்தே வந்துச்சு. 1993-ல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு இளம் பெண்கள் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கினாங்க. தெருவுல தனியா, மனநலம் பாதிச்சு அலைஞ்ச பெண்களுக்கு ஒரு இடம். அவங்க நடத்துற மையத்தோட பேர் 'அடைக்கலம்.' சிகிச்சை முடிஞ்சதும் நிறைய பேரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் ஒரு சிலர் மிச்சம் இருந்தாங்க. வீடு எதுன்னு தெரியாதவங்க, தெரிஞ்சும் போக முடியாதவங்க, போக விரும்பாதவங்க. கொஞ்சம் கொஞ்சமா அடைக்கலமே அவங்களுக்கு நிரந்தர இடம் ஆகுற நிலைமை.

2015-ல 'ஹோம் அகெய்ன்' திட்டம் ஆரம்பிச்சுது. யோசனை ரொம்ப எளிமை. சாதாரணத் தெருவுல, சாதாரணக் கிராமத்துல ஒரு வாடகை வீடு. அதுல நாலஞ்சு பேர், யாரோட யாருக்கு ஒத்துப்போகுதோ அவங்களாச் சேர்ந்து குடியிருப்பாங்க. சமையல், கடைக்குப் போறது, டிவி சேனலுக்குச் சண்டை, எல்லாம் மத்த வீடு மாதிரிதான். கூட ஒரு உதவியாளர் இருப்பார். பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நியமிக்கிறாங்க, மருத்துவப் படிப்பு தேவையில்லை. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு துணை. மருந்தும் டாக்டரும் தனி ஏற்பாடு.

கவனிச்சீங்களா? ஹேலோட அதே ஆர்க்கிடெக்சர். வீடு வேற, சிகிச்சை வேற. ஆனா ஒரு முன்னேற்றமும் இருக்கு. ஹேல்ல அவங்க இன்னொருத்தர் வீட்ல விருந்தாளி. இங்க அது அவங்க வீடு. குழம்புல உப்பு பத்தலைன்னு சொல்ற உரிமை விருந்தாளிக்கு இல்லை, வீட்டுக்காரிக்கு உண்டு.

2021-ல உலக சுகாதார நிறுவனம், உரிமைகளை மதிக்கிற மனநல சேவைகளைப் பத்தி ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. துணையோட வாழுற வீடுகளுக்கு நல்ல உதாரணமா அதுல சென்னையோட ஹோம் அகெய்னும் இருக்கு. இந்தத் திட்டம் தமிழ்நாட்டைத் தாண்டி கேரளா, மகாராஷ்டிரா, அசாமுக்கும் போயிருக்கு.

சட்டம் இருக்கு, வீடு எங்க?

சட்டப்படி பார்த்தா நாம ரொம்ப தூரம் வந்துட்டோம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95: யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியில கட்டக் கூடாது. ஏர்வாடிக்குப் பதினாறு வருஷம் கழிச்சு அது எழுத்துல வந்துச்சு. பிரிவு 19 இன்னும் முக்கியம். குடும்பம் இல்லை, குடும்பம் ஏத்துக்கலை, வீடு இல்லை, ஊருக்குள்ள வசதி இல்லைங்கிற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரை மனநல நிலையத்துலேயே வச்சிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவங்களுக்கு இடைநிலை இல்லம், குழு வீடு மாதிரி ஏற்பாடுகளை அரசே செய்யணும், இல்ல செய்றவங்களுக்கு உதவணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல மனநோயும் சேர்த்திதான். அரசு வீட்டு வசதித் திட்டங்கள்ல குறிப்பிட்ட அளவு பாதிப்பு இருக்கிறவங்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடும், அதுல பெண்களுக்கு முன்னுரிமையும் அந்தச் சட்டத்துல இருக்கு.

ஆனா சட்டம் வாடகை கட்டாது. ஹேல் நூற்றாண்டுகளாத் தாக்குப்பிடிச்சதுல, மாசாமாசம் குடும்பங்களுக்குப் பணம் போனதுக்கும், யாரோ ஒருத்தர் கதவைத் தட்டி 'எல்லாம் சரியா இருக்கா?'ன்னு கேட்டதுக்கும் பெரிய பங்கு இருக்கு. குழு வீட்டுக்கும் அதேதான்: வாடகை, மளிகை, உதவியாளர் சம்பளம். நன்கொடையில பத்து வீடு, நூறு வீடு நடத்தலாம். மருத்துவமனைப் படுக்கைக்கு வருஷா வருஷம் பட்ஜெட்ல பணம் ஒதுக்குறோம்ல, அதே மாதிரி இந்த வீடுகளுக்கும் நிரந்தரமா ஒதுக்கினாத்தான் அந்த 4,935 பேருக்கும் போதும்.

பணம் வந்தாலும் கடைசியா ஒரு கதவு பாக்கி. வீடு ஏதாவது ஒரு தெருவுலதான் இருந்தாகணும். இங்கதான் எபிசோட் ஆரம்பத்துல கேட்ட அந்த இன்டர்வியூ திரும்ப வருது. இதைக் கேட்டுட்டு இருக்கிற பல பேர் இன்னும் பத்து வருஷத்துல ஹவுஸ் ஓனர் ஆவீங்க, அசோசியேஷன் செக்ரட்டரி ஆவீங்க. இல்லன்னா இப்பவே உங்க அப்பா அம்மாவுக்கு மாடி போர்ஷன் ஒண்ணு இருக்கும். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாள் மெசேஜ் வரும்: "தேர்ட் ஃப்ளோருக்கு மனநலம் பாதிச்சவங்க குடி வர்றாங்களாம், குழந்தைங்க இருக்கிற இடம், நாம எல்லாரும் சேர்ந்து அப்ஜெக்ட் பண்ணணும்." தம்ஸ்-அப் வரிசையா விழும்.

ஹேல்ல தலைமுறை தலைமுறையா குழந்தைங்க அவங்களோடதான் ஒரே மேசையில சாப்பிட்டு வளர்ந்தாங்க. அதை அந்த குரூப்ல சொல்லுங்க. பிரிவு 19 என்ன சொல்லுதுன்னும் சொல்லுங்க. அவ்வளவு டைப் பண்ண நேரம் இல்லைன்னா, "எனக்கு ஆட்சேபணை இல்லை, வரட்டும்"னு மட்டுமாவது போடுங்க. முதல் ஆள் போட்டாத்தான் ரெண்டாவது ஆளுக்குத் தைரியம் வரும்.

இந்த எபிசோடை உங்க ஹவுஸ் ஓனருக்கும் ஃபார்வர்ட் பண்ணலாம், வாடகை ஏறாதுன்னு நம்புவோம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.